மஞ்சள் கரிசாலையா, வெடெலியாவா, இரண்டும் கலந்ததா? வடசென்னையில் அறிகுறி பார்த்து அடையாளம் காணும் முறை

மஞ்சள் பூப் பூக்கும், தரையோடு படரும், கணுவுக்குக் கணு வேர்விடும் ஒரு செடியை மாதவரம், கொளத்தூர், மணலி, திருவொற்றியூர் பக்கம் எங்கும் பார்க்கலாம். சாலை நடுவே மீடியனில், அப்பார்ட்மென்ட் வாசலில், கால்வாய்க் கரையில் என்று அது இல்லாத இடம் குறைவு. பெரும்பாலும் அது நர்சரிக்காரர்கள் வெடெலியா என்று விற்கும் ஸ்ஃபாக்னெட்டிகோலா டிரைலோபேட்டா. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து தரைமூடிச் செடியாகக் கொண்டுவரப்பட்டது. உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது.

அதற்கு நெருங்கிய சொந்தம் நம் மஞ்சள் கரிசலாங்கண்ணி, அதாவது மஞ்சள் கரிசாலை. சித்த மருத்துவத்தில் பொற்றலைக் கையாந்தகரை. தாவரப் பெயர் ஸ்ஃபாக்னெட்டிகோலா காலெண்டுலேசியா. ஏரிக்கரை ஈரத்திலும் வயல் வரப்பிலும் கீரைத் தொட்டியிலும் வளரும். தெற்குச் சீனத்தில் இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்த இடங்களில் தாமாகவே கலந்து ஒரு கலப்பினம் உருவாகியிருக்கிறது. குவாங்டாங் மாகாணத்தின் பெயரால் அதற்கு ஸ்ஃபாக்னெட்டிகோலா × குவாங்டாங்கென்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். நடுவில் வரும் × குறி கலப்பு என்பதைக் காட்டுவது. சூரியகாந்திக் குடும்பத்துக்கு இது புதிதல்ல. அமெரிக்காவின் வாஷிங்டன், ஐடஹோ பகுதியில் ஐரோப்பாவிலிருந்து வந்த டிராகோபோகன் செடிகள் தமக்குள் கலந்து உண்டான இரண்டு புதிய இனங்கள் 1950இல் விவரிக்கப்பட்டன.

வந்தேறியும் உள்ளூர்ச் செடியும் ஒரே ஊரில் இருப்பதால் வடசென்னையிலும் தேடுவதில் நியாயம் உண்டு. ஆனால் "நடுவாந்திரமாகத் தெரிகிறது" என்ற ஒரே காரணத்துக்காகக் கலப்பு என்று எழுதப்படும் செடிகளில் பெரும்பாலானவை நிழலில் வளர்ந்த வெடெலியாவாகவே இருக்கும். கீழே உள்ள அறிகுறிகளில் உங்களுக்குப் பொருந்துவதிலிருந்து தொடங்குங்கள். கையில் பத்து மடங்கு லென்ஸ், மில்லிமீட்டர் ஸ்கேல், தண்ணீர் பாட்டில், பென்சில் இருந்தால் முதல் நான்கு அறிகுறிகளுக்குப் போதும்.

அறிகுறி: போன் ஆப் ஒவ்வொரு தடவையும் வேறு பெயர் சொல்கிறது

பூவை மேலிருந்து எடுத்த ஒரே படத்தை மட்டும் கொடுத்தால் இப்படித்தான் ஆகும். மேலிருந்து பார்த்தால் இரண்டு இனத்தின் பூவும் ஏறத்தாழ ஒன்றே. ஆப் படத்தோடு படம் ஒப்பிடுகிறது, இலையைத் தொட்டுப் பார்ப்பதில்லை. கலப்பினத்தின் பெயரே அதன் பட்டியலில் இல்லாமல் போகலாம். அப்போது இரண்டு பெற்றோரில் ஒன்றை மாற்றி மாற்றிச் சொல்லும். பெயர் மாறுவதைக் கலப்புக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு செடிக்கு ஆறு படம் எடுங்கள்: படர்ந்த பரப்பு முழுவதும், ஒரு கணுவில் எதிரெதிராக நிற்கும் இலைச்சோடி, இலையின் மேற்புறம், அடிப்புறம், பூத்தலை பக்கவாட்டில் (கீழே பச்சைச் செதில்கள் தெரியும்படி), பூக்காம்பு முழு நீளம். கடைசி நான்கிலும் ஸ்கேல் தெரிய வேண்டும். உயிரினப் படங்களைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் பதிவிடும்போது முடிவு தெரியும்வரை பேரினப் பெயரோடு, அதாவது ஸ்ஃபாக்னெட்டிகோலா என்பதோடு, நிறுத்திக்கொள்ளுங்கள்.

அறிகுறி: ஒரே கொடியில் மூன்று மடல் இலையும் இருக்கிறது, மடல் இல்லாத இலையும் இருக்கிறது

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது.

டிரைலோபேட்டா என்ற பெயருக்கு மூன்று மடல் என்று பொருள். ஆனால் அந்தச் செடியின் எல்லா இலையும் மூன்று மடலாக இருப்பதில்லை. நுனித் துளிர், பூக்காம்புக்கு அடியில் வரும் இலை, அடர்ந்த நிழலில் நீண்ட கொடியின் இலை, வெட்டிவிட்ட பிறகு புதிதாகக் கிளம்பிய துளிர் ஆகிய நான்கிலும் மடல் மங்கியோ இல்லாமலோ வரும். மாநகராட்சி ஆட்கள் மீடியனை வெட்டிச் சீராக்கிய சில வாரங்களில் போய்ப் பார்த்தால், பாதி மீடியன் கலப்பினம் போலவே தோன்றும். மேம்பாலத்தின் அடியிலும் அதே கதை.

சரிசெய்ய, முதலில் இலையை எடுக்கும் இடத்தை நிலையாக்குங்கள். வெயில் படும், வெட்டுப்படாத கொடியில் நுனியிலிருந்து எண்ணி ஐந்தாவது, ஆறாவது கணுவில் உள்ள இலைகளை மட்டும் எடுங்கள். ஒரு படர்ப்புக்குப் பத்து இலை போதும். ஒவ்வொன்றிலும் அடியிலிருந்து நுனி வரை நீளமும், மிக அகலமான இடத்தில் அகலமும் அளந்து, நீளத்தை அகலத்தால் வகுங்கள்.

மஞ்சள் கரிசாலையின் இலை காம்பே இல்லாதது போல் தண்டோடு ஒட்டி இருக்கும். நீளம் 2 முதல் 7 செ.மீ. வரை, அகலம் பெரும்பாலும் 2 செ.மீ.க்குள். ஈட்டி போல ஒடுங்கியது. விளிம்பில் பல்லே இருக்காது, அல்லது எட்ட எட்ட ஓரிரு சோடி சின்னப் பற்கள் மட்டும் இருக்கும். வகுத்தால் மூன்றோ அதற்கு மேலோ வரும். வெடெலியா இலை 4 முதல் 9 செ.மீ. நீளம், 2 முதல் 5 செ.மீ. அகலம். நடுவுக்கு மேலே இருபுறமும் முக்கோண மடல் நீட்டிக்கொண்டிருக்கும். விகிதம் இரண்டை ஒட்டியோ அதற்குக் கீழோ நிற்கும்.

பத்து இலையும் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நின்று, மடலுக்குப் பதில் விளிம்பில் தெளிவான பற்களோ அரைகுறை மடலோ எல்லா இலையிலும் ஒரே மாதிரி இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். "எல்லா இலையிலும்" என்பதே இங்கே முக்கியம். கலப்பினச் செடி தன் நடுத்தர உருவத்தைக் கொடி முழுக்கக் காட்டும். ஒரு இலை 1.6, அடுத்தது 2.9 என்று தாவினால் அது இடத்துக்கு இடம் மாறும் வெடெலியாதான்.

இன்னொரு பொறி: கொடி கணுவில் வேர்விட்டு, நடுவில் அறுந்து, தனித்தனிச் செடியாகும். இருபது கொத்து தெரிந்தாலும் வேர்வழி அது ஒரே செடியாக இருக்கலாம். ஒரு படர்ப்பிலிருந்து இருபது மாதிரி எடுத்து இருபது செடி என்று எண்ணக் கூடாது. கண்ணுக்குத் தெரியும் இடைவெளி உள்ள படர்ப்புகளைத் தனித்தனியாகக் கணக்கிடுங்கள்.

இதற்குப் பிறகும் தீராவிட்டால் ஒரே மண்ணில் வளர்த்துப் பார்ப்பதுதான் வழி. சந்தேகச் செடி, நிச்சயமான வெடெலியா, நிச்சயமான மஞ்சள் கரிசாலை மூன்றிலும் மூன்று கணு உள்ள தண்டுத் துண்டுகளாக ஐந்தைந்து வெட்டுங்கள். கீழ்க்கணு மண்ணுக்குள் போக வேண்டும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு கலந்த ஒரே கலவை, ஒரே அளவுத் தொட்டி, ஒரே வெயில். நட்டபோது இருந்த இலைகளைக் கணக்கில் சேர்க்காமல், எட்டு வாரம் கழித்துப் புதிதாக வந்த இலைகளை மட்டும் அளங்கள். நிழலால் வந்த வேறுபாடு அதற்குள் மறைந்துவிடும், பரம்பரையால் வந்தது நிற்கும். தொட்டிகளைத் தரையில் வைக்காதீர்கள். வெடெலியா ஓட்டை வழியாக வேரை இறக்கி, விளிம்பு வழியாகக் கொடியைப் பக்கத்துத் தொட்டிக்கு அனுப்பும். பிறகு எந்தத் தொட்டியில் எது என்றே தெரியாது. பெயர்ச்சீட்டைப் பேனாவில் எழுதினால் ஒரு மழையில் அழிந்துவிடும். பென்சில்தான் நிற்கும்.

அறிகுறி: இலை சொரசொரப்பா வழவழப்பா என்று முடிவு செய்ய முடியவில்லை

மஞ்சள் கரிசாலை இலையின் இருபுறமும் இலையோடு படிந்த குட்டை மயிர் உண்டு. நுனியிலிருந்து அடிநோக்கி விரலால் தடவினால் சொரசொரக்கும். வெடெலியா இலை பளபளப்பானது, சதைப்பற்றானது, மயிர் மிகக் குறைவு.

எண்ணூர், அத்திப்பட்டு, மணலி பக்கம் இந்தச் சோதனை கெட்டுப்போகக் காரணம் தூசி. அனல்மின் நிலையச் சாம்பலும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியும் இலையில் படிந்தால் வெடெலியாவும் சொரசொரக்கும், மஞ்சள் கரிசாலையின் மயிரும் மூடிப்போகும். இலையைத் தண்ணீரில் அலசி, நிழலில் ஈரம் போகவிட்டு, லென்ஸில் பாருங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். நேர் மேலிருந்து விழுந்தால் மயிர் தெரியாது.

கடற்கரையோரம் இலைத் தடிமனை நம்பாதீர்கள். உப்புக்காற்றும் உப்புமண்ணும் பல செடிகளின் இலையைத் தடிக்க வைக்கும்.

அறிகுறி: பூவை எண்ணினால் எல்லாம் ஒன்றாகவே வருகிறது

வரத்தான் செய்யும். நாம் இதழ் என்று சொல்லும் கதிர்ப்பூக்கள் இரண்டு இனத்திலும் எட்டு முதல் பன்னிரண்டு வரை சர்வசாதாரணம். அவற்றின் நுனியில் இரண்டு மூன்று பற்கள் இருப்பதும் பொது. பூக்காம்பின் நீளமும் ஒன்றன்மேல் ஒன்று படியும். இதழ் எண்ணிக்கையை வைத்து இந்தப் பேரினத்தில் யாராவது உறுதியாகப் பெயர் சொன்னால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். பூவை மகரந்தத்துக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: பூத்துக் குலுங்குகிறது, விதையே பிடிக்கவில்லை, ஆகவே கலப்பு?

இல்லை. வெடெலியாவே பல இடங்களில் விதை பிடிப்பது அரிது. பரவுவது தண்டுத் துண்டு மூலம். விதை இல்லாமையைத் தனிச் சாட்சியாக எடுத்தால் சென்னையின் எல்லா மீடியனையும் கலப்பு என்று எழுத வேண்டியிருக்கும்.

அறிகுறி: இலை எல்லாம் நடுத்தரம், உறுதிப்படுத்த மகரந்தம் பார்த்தேன், முடிவு குழப்புகிறது

பெற்றோரின் குரோமோசோம்கள் சரியாக இணை சேராதபோது கலப்பினத்தின் மகரந்தத்தில் பெரும்பகுதி வெற்றுத்துகளாகப் போகும். அதைச் சாயத்தில் பார்க்கலாம். கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும் சாதாரண மைக்ராஸ்கோப், 400 மடங்கு பெருக்கம் போதும்.

நாளை காலை திறக்கப்போகிற வட்டுப்பூ (பூத்தலையின் நடுவில் நெருங்கி நிற்கும் சிறு குழல்பூ) மொட்டு வேண்டும். பூத்தலையில் வெளிவட்டத்து வட்டுப்பூக்கள் திறந்து, உள்வட்டம் மூடியிருக்கும் நிலையில் பறித்தால், எல்லையில் நிற்கும் மொட்டுகளே சரியானவை. ஊசியால் மொட்டைக் கிழித்து, கருத்த மகரந்தப்பைக் குழலை ஸ்லைடில் வைத்து, ஒரு சொட்டு ஒரு சத அசிட்டோகார்மின் சாயம் விட்டு நசுக்குங்கள். பையின் தோலை அப்புறப்படுத்தி, கவர்ஸ்லிப் வைத்து, பத்து நிமிடம் காத்திருங்கள். உருண்டு, முள்முள்ளாக, உள்ளே அடர்சிவப்பாக நிறைந்தது நல்ல துகள். சுருங்கியது, வெளிறியது, ஓடு மட்டும் இருப்பது கெட்டது. மூன்று பூத்தலையிலிருந்து தலைக்கு நூறு வீதம் முந்நூறு துகள் எண்ணுங்கள்.

குழப்பம் வரும் இடங்கள் இவை. கதிர்ப்பூவைப் பிய்த்துத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. அது பெண்பூ, மகரந்தப்பையே இல்லை. நன்றாகத் திறந்த பூவை ஸ்லைடில் தட்டினால், சூல்தண்டு வெளியே தள்ளிய மகரந்தத்தோடு தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் பக்கத்துச் செடியிலிருந்து கொண்டுவந்ததும் சேர்ந்து விழும். மொட்டிலேயே எடுக்கச் சொல்வது அதற்காகத்தான். பழைய சாயத்தில் படிகம் மிதந்தால் வடிகட்டுங்கள். படிகத்தையும் துகளையும் அவசரத்தில் சேர்த்து எண்ணிவிடுவோம். எல்லாத் துகளும் இளஞ்சிவப்பாகவே நின்றால் ஸ்லைடைச் சாராய விளக்கின் மேல் இரண்டு மூன்று தரம் காட்டுங்கள், கொதிக்க விடாமல்.

மே மாத வெயிலில் எடுத்த மொட்டு எந்தச் செடியிலும் கெட்ட துகளைக் கூட்டிக் காட்டலாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை எடுப்பது நல்லது. முக்கியமாக, அதே நாளில், அதே சாயத்தில், பெற்றோர் இரண்டின் மகரந்தத்தையும் எண்ணுங்கள். பெற்றோரின் எண்ணிக்கை இல்லாமல் சந்தேகச் செடியின் எண்ணிக்கைக்குப் பொருள் கிடையாது. பெற்றோரில் பெரும்பாலான துகள் நிறைந்தும், சந்தேகச் செடியில் பெரும்பாலானவை வெற்றாகவும் இருந்தால், நடுத்தர இலையோடு சேர்த்து அது வலுவான சாட்சி. மூன்றிலும் ஒரே மாதிரி என்றால் இலைச் சோதனைக்குத் திரும்பிப் போங்கள்.

அறிகுறி: சுற்றிலும் வெடெலியா மட்டும்தான், மஞ்சள் கரிசாலை கண்ணில் படவில்லை

ஐயம் கூட வேண்டும், ஆனால் கதவை மூடிவிடக் கூடாது. கலப்பினமும் தண்டுத் துண்டால் வளர்வதால், பிறந்த இடத்தைவிட்டு நர்சரி வண்டியிலோ, பொக்லைன் அள்ளிக் கொட்டிய வண்டல் மண்ணிலோ, மழைவெள்ளத்திலோ வந்திருக்கலாம். நீரோட்டத்தின் மேல்பக்கம் தேடுங்கள். ஓட்டேரி நல்லா, பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலை ஆற்றுக் கரைகளில் ஒன்றில் கண்டால், ஒரு கிலோமீட்டர் மேலே நடந்து பாருங்கள். புழல், இரட்டை ஏரி போன்ற ஏரிகளின் ஈரவிளிம்பும், பக்கத்து வீடுகளின் மூலிகைத் தொட்டிகளும் மஞ்சள் கரிசாலைக்கு இன்னும் வாய்ப்புள்ள இடங்கள். ஏரிக்கரைக்குள் இறங்கும் முன் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

அறிகுறி: மஞ்சள் பூதான், ஆனால் மேலே சொன்ன எதுவும் ஒத்துவரவில்லை

வேறு பேரினமாக இருக்கும். இலைக்கு 1 செ.மீ.க்கு மேல் தெளிவான காம்பு, முட்டை வடிவ இலை, கூரிய நுனி, புதராக ஏறிப் படரும் தண்டு, கடற்கரை மணல் என்றால் வொலஸ்டோனியா பைஃப்ளோரா. நிமிர்ந்து நின்று, இலைக்கக்கத்தில் காம்பில்லாமல் பொடிப்பொடி மஞ்சள் பூ என்றால் சினட்ரெல்லா. நீண்ட மயிர்க்காம்பில் வெளிர்மஞ்சளாக நாலைந்து இதழ் மட்டும், முற்றியபின் இறகுவைத்த விதை பறக்கும் என்றால் வெட்டுக்காயப் பூண்டு. வெள்ளைப் பூ, கசக்கினால் கறுக்கும் சாறு என்றால் வெள்ளைக் கரிசலாங்கண்ணி. அதன் பெயரில் மட்டும்தான் சொந்தம், பேரினமே வேறு.

அறிகுறி: அழுத்திவைத்த மாதிரி கறுத்து, பூஞ்சணம் பிடித்துவிட்டது

வெடெலியா இலையின் சதைப்பற்றும் மழைக்காலக் காற்றும் சேர்ந்தால் இதுதான் நடக்கும். அழுத்தும் முன் கொடியைக் கொதிநீரில் சில விநாடி முக்கி, துணியில் ஒற்றி எடுங்கள். பூத்தலையை முக்க வேண்டாம். செய்தித்தாளை முதல் மூன்று நாள் தினமும் இரண்டு வேளை மாற்றுங்கள். வழவழத் தாள் ஈரத்தை உறிஞ்சாது. ஒரு மாதிரியில் குறைந்தது ஐந்து கணு, வேர்விட்ட ஒரு கணு, ஒரு பூத்தலை மேல்முகமாகவும் ஒன்று பக்கவாட்டிலும் இருக்க வேண்டும். ஒரு இலையைத் திருப்பி அடிப்புறம் தெரிய வையுங்கள். சீட்டில் இடம், தேதி, ஜிபிஎஸ், நிழலா வெயிலா, கடைசியாக வெட்டப்பட்ட அடையாளம் உண்டா, பெற்றோர் எவ்வளவு தூரத்தில் என்று எழுதுங்கள். இலையின் பளபளப்பு காய்ந்தால் போய்விடும், அதையும் சீட்டில் குறியுங்கள். 42 × 28 செ.மீ. அட்டையில் தைத்து, பெற்றோர் மாதிரிகளோடு சேர்த்துக் கொடுத்தால்தான் ஹெர்பேரியத்தில் (காய்ந்த செடி மாதிரிகளின் காப்பகத்தில்) ஒப்பிட முடியும். கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியத்தில் பழைய மாதிரிகளைப் பார்த்து ஒப்பிடலாம்.

அறிகுறி: டிஎன்ஏ அனுப்பினேன், "படிக்க முடியவில்லை" என்று வந்தது

பெரும்பாலும் இலை காய்ந்த விதம்தான் காரணம். இளம் இலையைத் துடைத்து, தேயிலை வடிகட்டும் காகிதப்பையில் போட்டு, எடைக்குப் பத்து மடங்கு சிலிக்கா ஜெல்லோடு ஜிப் பையில் மூடுங்கள்: 5 கிராம் இலைக்கு 50 கிராம். ஒரு நாளில் இலை மொடமொடவென்று உடைய வேண்டும். நீலமணி இளஞ்சிவப்பானால் அல்லது ஆரஞ்சுமணி நிறம் மாறினால் உடனே புதிது போடுங்கள். சென்னை ஈரப்பதத்தில் திறந்து வைத்த சிலிக்கா பயணத்துக்கு முன்பே செத்திருக்கும்.

இலை சரியாக இருந்தும், இனம் பிரித்தறியப் படிக்கும் ஐடிஎஸ் என்ற டிஎன்ஏ பகுதியின் வரைபடத்தில் ஒரே இடத்தில் இரண்டு சிகரம் தெரிகிறது, ஆகவே "அசுத்தம்" என்று ஆய்வகம் தள்ளினால், அவசரப்பட வேண்டாம். கலப்பினத்தில் அப்பா வழி எழுத்தும் அம்மா வழி எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். நமக்கு வேண்டியதே அதுதான். பெற்றோர் இரண்டையும் அதே முறையில் படிக்கச் சொல்லுங்கள். அவை இரண்டும் மாறுபடும் இடங்களில் மட்டும், சொல்லிவைத்தது போல, இரட்டைச் சிகரம் நின்றால் கலப்பு. கண்ட இடத்திலெல்லாம் நின்றால் உண்மையிலேயே அசுத்தம். தாய்வழியாக வரும் குளோரோபிளாஸ்ட் டிஎன்ஏவின் பகுதி ஒன்றையும் சேர்த்துப் படித்தால் தாய் எது என்பதும் தெரியவரும்.

அறிகுறி: கீரைக்கட்டில் இது வந்திருக்கிறது, சமைக்கலாமா?

அகலமான பளபளப்பு இலை, மூன்று மடல் என்றால் அது மஞ்சள் கரிசாலை அல்ல, ஒதுக்கிவிடுங்கள். நடுத்தர இலையையும் சேர்த்தே ஒதுக்குங்கள். சரியான செடியாகவே இருந்தாலும், கால்வாய்க் கரையிலும் குப்பைக்கிடங்கு ஓரத்திலும் பறித்தது வேண்டாம். கழிவுநீர் போகும் மண்ணில் வளர்ந்த கீரையை எத்தனை முறை அலசினாலும் உள்ளே ஏறியது போகாது.

சோதனை முடிந்த கொடிகளைக் குப்பைத்தொட்டியிலோ கால்வாயிலோ போடாதீர்கள். ஒரு கணு போதும், மறுபடி முளைக்க. கறுப்பு பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, மொட்டைமாடி வெயிலில் தண்டு ஒடியும்வரை காயவைத்து, பிறகு அப்புறப்படுத்துங்கள். ஹெர்பேரியம் அட்டையில் மகரந்தமும் டிஎன்ஏவும் வரும்வரை "ஸ்ஃபாக்னெட்டிகோலா, கலப்பு என ஐயம்" என்றே எழுதி வையுங்கள். × குறியைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.